அம்மா தூங்காத படகு

பிப்ரவரி 9

தலையணை இன்றும் ஈரம். கூரைச் சன்னலின் விளிம்பில் எங்கோ கசிகிறது. நேற்று அம்மா பசை வைத்து அடைத்தாள். கசிவு நாலு விரல் தள்ளிப் புது இடத்துக்குக் குடிபோய்விட்டது. இதுவரை நான் படித்த கடற்பயணப் புத்தகங்களில் ஒருவர்கூடத் தலையணையைப் பற்றி எழுதவில்லை. புயல் இருக்கும், திமிங்கலம் இருக்கும், தனிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். ஈரத் தலையணையில் கன்னத்தை வைத்துத் தூங்குவது எப்படி என்று எவரும் சொல்லித் தரவில்லை.

வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு வாரம். இது இரண்டாவது துறைமுகம். காங்கிரீட் சுவரில் கட்டியிருக்கிறோம், இரண்டு பக்கமும் மீன்பிடி விசைப்படகுகள். அவற்றின் நடுவே எங்கள் பாய்மரப் படகு, அப்பா சொல்வதுபோல, ஒரு சோப்பு டப்பா. இருபத்தேழு அடி. உள்ளே நிமிர்ந்து நிற்க ஒரே ஒரு இடம்தான் உண்டு, அடுப்புக்கு முன்னால். அங்கே ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

அம்மா மேசையில் வரைபடத்தை விரித்து எதையோ அளக்கிறாள். போன வருஷம் ஓய்வு பெறும்வரை கடல் வரைபட அலுவலகத்தில் இந்தக் கரையை வரைந்தவள். ஆழ எண்கள், மணல்மேடுகள், கலங்கரை விளக்கங்கள், எல்லாம் அவள் கை. ஒருமுறைகூடக் கடலிலிருந்து பார்த்ததில்லை. பார்ப்பதற்காகத்தான் இந்தப் படகு. நானும் அவளும் பாய்மரப் படகு ஓட்டப் பழகிய கிளப்பில் சும்மா கிடந்ததை வாங்கினாள். வடக்கே போய், பெரிய முனையைச் சுற்றி, அதற்கு அப்பால் உள்ள அமைதியான விரிகுடாவில் கட்டிவிட வேண்டும். மார்ச் நடுவில் காற்று திரும்பிவிடும். திரும்பிவிட்டால் எங்களைப் போன்ற சின்னப் படகு முனையைத் தாண்ட முடியாது. அடுத்த பருவம் வரை எங்காவது கரையேற்றிப் போட வேண்டியதுதான்.

முனையைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்கிறாள்.

எனக்கு என்ன வேண்டும்? நாளைக்கு எழுதுகிறேன். கண் செருகுகிறது.

பிப்ரவரி 10

எதிர்காற்று. புறப்படவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று எழுத உட்கார்ந்து, அப்படியே தூங்கிப்போனேன்.

பிப்ரவரி 12

முதல் நீண்ட ஓட்டம், ஒரு பகலும் ஓர் இரவும். மூன்றாவது துறைமுகத்தில் இருக்கிறோம். உடம்பு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. தரையில் நின்று பல் தேய்த்தபோது குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

கடலில் இரண்டே பேர் என்றால் முறை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரம் ஒருவர் சுக்கானைப் பார்ப்பார், மற்றவர் கீழே தூங்குவார். முறை முடியும்போது மேலே இருப்பவர் இறங்கிவந்து மற்றவரை எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் சட்டம். அம்மாவே வகுத்தது.

அந்தச் சட்டப்படி எழுப்ப வேண்டிய அம்மா என்னை எழுப்பவே இல்லை. நானாக விழித்து அடித்துப் பிடித்து மேலே போனால், குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏம்மா எழுப்பல?"

"நல்லாத் தூங்கிட்டிருந்தே. இப்ப என்ன, கடல் ஓடியா போச்சு?"

சரி, ஒரு நாள்தானே என்று விட்டேன். ஆனால் என் முறையில் அவள் தூங்கினாளா? அதுவும் இல்லை. முன்பாயின் கயிற்றை ஒரு முழம் தளர்த்தினேன். கீழே இருட்டிலிருந்து குரல்: "ஏன் தளர்த்துறே?" கொஞ்ச நேரம் கழித்து, "மிதவை விளக்கு தெரியுதா?" கண்ணை மூடிக்கொண்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, முழு விழிப்பில் படுத்திருக்கிறாள். தன் முறையை உட்கார்ந்து பார்க்கிறாள், என் முறையைப் படுத்துப் பார்க்கிறாள்.

பிப்ரவரி 13

அப்பா வந்தார். அதாவது நேற்றே எங்களுக்கு முன்னால் வந்து, ஏதோ விடுதியில் தங்கி, இன்று காலை துணிப்பையோடு சுவரில் உட்கார்ந்திருந்தார். பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டவர். வாளித் தண்ணீர் ஆடினாலே தலை சுற்றுகிற ஆள். எங்களோடு படகில் வரமுடியாது, வீட்டில் இருக்கவும் மனம் இல்லை. அதனால் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பஸ்ஸில் வந்து, உலர்ந்த துணி கொடுத்து, ஈரத்துணி வாங்கிப் போகிறார்.

"ராப்பகலா வந்தீங்களா? நான் ரெண்டு பஸ் மாறி மத்தியானத்துக்குள்ள வந்துட்டேன். நடுவுல டீ வேற."

"உங்க பஸ் ரோட்டுல போகுது," என்றாள் அம்மா.

"ஆமா. பிரேக் போட்டா நிக்கும். உங்களுது?"

அம்மா குளிக்கப் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தூங்குறாளா?"

"இல்லப்பா."

"வீட்லயும் அப்படித்தான். ராத்திரி எழுந்துபோய் உன் ரூம் வாசல்ல நிப்பா. கூப்பிட்டா தண்ணி குடிக்க வந்தேம்பா."

எனக்கு என்ன வேண்டும் என்பதை இன்று எழுதிவிடலாம். போன வருஷம் நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் தலைக்கேறி, நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அது முடிந்துபோன கதை. நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, மலை ஏறலாம், நீந்தலாம், வேண்டுமானால் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளலாம் என்று டாக்டரே சிரித்துக்கொண்டு சொல்லி அனுப்பினார். ஆனால் வீட்டில் நான் இன்னும் கண்ணாடிச் சாமான். வாளியை நான் தொடுமுன் அம்மா தூக்குகிறாள். நான் இருமினால் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கிறார். பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை எனக்கு. இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடு, இன்னும் கொஞ்ச நாள் என்று விடுப்பு நீண்டுகொண்டே போகிறது. அவர்கள் என்னை அப்படிப் பார்த்துப் பார்த்து நானும் படியேறும்போது என் மூச்சையே உற்றுக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு பேர் மட்டும் உள்ள படகில் பாதி வேலை என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும், வேறு ஆளே இல்லை என்று நினைத்துத்தான் வந்தேன். அம்மா வேறு ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளே.

பிப்ரவரி 17

நாலாவது துறைமுகத்துக்கு வரும் வழியில், தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி நேற்று மதியம் புகைந்து நின்றுவிட்டது. இனி முறையில் இருப்பவர் கையை எடுக்க முடியாது.

கைபேசியில் அலாரம் வைத்துத் தலைமாட்டில் செருகிக்கொண்டு படுத்தேன். விழித்தபோது சன்னலில் வெயில். கைபேசி அடுப்புப் பக்கத்து அலமாரியில், பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

"அலாரம் அடிச்சுதா?"

"அடிச்சுது. நிறுத்திட்டேன்."

"ஏம்மா?"

"ஒரு மனுஷி தூங்குறா, பக்கத்துல அது கத்திட்டே கெடக்கு."

"அது கத்தணும்னுதான் வச்சேன்."

சுக்கான் கட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததில் அவள் விரல்கள் நிமிரவே மறுத்தன; நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அறுபதைத் தொடப்போகிறவள். அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. என்ன இது? நான் என்ன பார்சலா, இங்கே ஏத்தி அங்கே இறக்க? அப்படி இறக்கித்தான் ஆகணும்னா அப்பாகூட பஸ்ஸிலயே அனுப்பியிருக்கலாமே. பத்திரமா, டிக்கெட்டோட.

பிப்ரவரி 18

பேசிக்கொள்ளவில்லை. இருபத்தேழு அடிக்குள் பேசாமல் இருப்பதற்குத் தனித்திறமை வேண்டும். இருவருக்கும் இருக்கிறது.

பிப்ரவரி 19

அம்மாவே ஆரம்பித்தாள். "அந்த அலாரம் சனியனை வைக்காதே. சத்தியமா நானே எழுப்புறேன்." சரி என்றேன். நாளை புறப்பாடு. முனைக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு துறைமுகம்தான், ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில்.

பிப்ரவரி 21

தரை தட்டினோம்.

என் முறை விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். விழித்தபோது வெளுத்திருந்தது. எழுப்பியது அம்மா இல்லை, மணல். யாரோ ஒரு மூட்டையைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல் நீளமாக ஒரு சத்தம், பிறகு ஓர் உலுக்கல். நான், என் போர்வை, என் புத்தகங்கள் எல்லாம் ஒன்றாகக் கீழே விழுந்தோம். மேலே ஓடினேன். பாய் நிறையக் காற்று, படகு நின்ற இடத்தில் நிற்கிறது. சுற்றிலும் பழுப்புத் தண்ணீர். கொஞ்ச தூரத்தில் நாலைந்து பறவைகள். நீந்தவில்லை. நடந்துகொண்டிருந்தன.

அம்மா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யார் வீட்டிலோ கண்விழித்தவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ண மூடினேன். அவ்வளவுதான். ஒரே நிமிஷம்."

ஒரு நிமிஷத்தில் இவ்வளவு தூரம் உள்ளே வரமுடியாது. பாய்களை இறக்கினேன். எஞ்சினைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன், சேறுதான் கிளம்பியது. கடல் வற்றிக்கொண்டிருந்தது; இனி ஏற்றம் வரும்வரை எந்தச் சாமர்த்தியமும் பலிக்காது. சின்ன நங்கூரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் குதித்தேன். இடுப்பளவு. ஆழமான பக்கமாக நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன், தண்ணீர் ஏறும்போது படகு இன்னும் உள்ளே போய்விடாமல் இருக்க. மூச்சு வாங்கியதா? திரும்பி ஏறிய பிறகுதான் அதைப் பற்றி நினைத்தேன். வாங்கியது, எல்லோருக்கும் வாங்குகிற அளவு.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கை வீங்க ஆரம்பித்திருந்தது. உலுக்கலில் கயிற்றுச் சக்கரத்தில் போய் மோதியிருக்கிறது.

தண்ணீர் வற்ற வற்றப் படகு சாய்ந்தது. கடைசியில் அலமாரிக் கதவுகளின் மேல்தான் நடக்க முடிந்தது. அடுப்புப் பற்றவைக்க வழியில்லை. சாய்ந்த பலகையில் முதுகைக் கொடுத்து, பிஸ்கட் தின்றபடி உட்கார்ந்திருந்தோம். ஒரு மீனவர் ஆழமான வாய்க்கால் வழியாக மெதுவாகப் போனார். நின்று எங்களைப் பார்த்தார்.

"மேடம், நடந்தே போயிடலாம் போலருக்கே."

"செருப்பைத் தேடிட்டிருக்கோம்," என்றேன்.

சிரித்தார். "மத்தியானத்துக்கு மேல தண்ணி ஏறும். தானா தூக்கிவிடும். அதுவரைக்கும் நல்லா உக்காருங்க."

அவர் போன பிறகு அம்மா மணலைக் காட்டினாள்.

"இந்த மேட்டை நான்தான் வரைஞ்சேன்."

"இதையா?"

"இதைத்தான். ஓரம் பூரா புள்ளி வச்சே வரணும். ஒண்ணு பெருசாப் போச்சுன்னா மேலதிகாரி பூதக்கண்ணாடியைத் தூக்கிட்டு வந்துடுவார். அந்தச் சமயம் நீ வயித்துல. குனிய முடியாது. சாய்ஞ்சுக்கிட்டே வச்சேன், இப்ப உக்காந்திருக்கிற மாதிரி."

"அப்பவும் இங்கதான் இருந்துதா?"

"கொஞ்சம் நகர்ந்திருக்கு." கொஞ்சம் யோசித்து, "நாமளும்தான்," என்றாள்.

இருவரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ஏம்மா எழுப்பல? சத்தியம் பண்ணினியே."

வீங்கிய மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிற்பகலில் தண்ணீர் வந்தது. படகு ஒரு பெருமூச்சு விட்டதுபோல் நிமிர்ந்தது. எஞ்சினை மெதுவாக ஓட்டிக்கொண்டு ஆற்றுத் துறைமுகத்துக்கு நான்தான் கொண்டுவந்தேன். சுக்கான் கட்டை ஒரு பக்கம் உரசுகிறது.

எழுதும் கை வலிக்கிறது. நங்கூரத்தின் கனம்.

பிப்ரவரி 22

இங்கே படகுப் பட்டறை நடத்துவது ஒரு பெண். துறைமுகம் முழுக்க ஸ்பானர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். படகுக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுக்கானின் கீழ்நுனி சிதைந்திருக்கிறது, ஒரு கீல் வளைந்திருக்கிறது. செய்துவிடலாம். அம்மாவின் எலும்பு முறியவில்லை, பிசகு. மணிக்கட்டில் பெரிய கட்டு. மாலையில் அப்பா வந்து அம்மாவின் கைக்கட்டையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஸ்பானர் அக்கா போகும்போது அம்மா கேட்டாள். "முனை தாண்டுற வரைக்கும் நீங்க கூட வர முடியுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். "அப்ப இவங்க எதுக்கு? வேடிக்கை பாக்கவா?"

"அவளுக்கு உடம்பு…"

"என்ன உடம்பு? நேத்து இவங்கதானே படகைக் கொண்டுவந்து கட்டினாங்க. நான் பாத்துட்டுத்தானே இருந்தேன். நல்லாத்தான் கட்டினாங்க."

நான் எழுந்து துறைமுகச் சுவரின் முனைவரை நடந்தேன். திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன், கத்தாமல். "அவங்க வந்தா நான் அப்பாகூட பஸ்ல வீட்டுக்குப் போறேன். நான் வந்தா பாதிப் படகு என்னோடது. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். காற்று திரும்ப இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

பிப்ரவரி 24

துறைமுக அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சலவை அறை. இரண்டு இயந்திரங்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் யாரோ மறந்துபோன ஒற்றைக் காலுறை. அப்பா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா இடது கையால் ஒரு துண்டைப் பிழியப் பார்த்தாள், முடியவில்லை. நான் வாங்கிப் பிழிந்தேன். என் கையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"அன்னிக்குக் காலையில உன்னை எழுப்ப வந்தேன். ஆபீசுக்கு நேரமாச்சே, இன்னும் எழுந்திருக்கலியேன்னு. கொஞ்சம் கோவமாத்தான் வந்தேன். தோளைப் புடிச்சு உலுக்கினேன். கன்னத்துல தட்டினேன். உடம்பு சுடுது. நீ இல்ல."

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"படகுல ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்தேன். சும்மா விடல. வந்து நின்னேன். குனியுறேன், கை நீளுது, தோளுக்கு மேல வந்ததும் நின்னுடுது. தொட்டு நீ எழுந்திருக்கலேன்னா? அதுக்கு நானே ஓட்டிடலாம்னு மேல போயிடுவேன்."

நான் எதிர்பார்த்தது வேறு. என்னை நம்பவில்லை, என் நுரையீரலை நம்பவில்லை, என்னை ஒரு குழந்தையாகவே வைத்திருக்க விரும்புகிறாள் — இப்படியெல்லாம் பத்து நாளாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றுகூட உதவவில்லை. அந்தக் காலை எனக்கு நினைவில்லை. நான் அதைத் தூங்கியே கழித்துவிட்டேன். அவள் தனியாக அதற்குள் இருந்திருக்கிறாள், இருக்கிறாள்.

"சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னன்னு சொல்றது? புள்ளைய எழுப்பத் தெரியலேன்னா?"

அப்பாதான் கடைசியில் பேசினார், ஒரு சட்டையைத் தொடையில் நீவிக்கொண்டே. "டிப்போவுல யாரும் யாரையும் எழுப்ப மாட்டாங்க. அடுத்த டிரைவர் தானா எழுந்து, மூஞ்சி கழுவி, வந்து வண்டிப் பக்கத்துல நிக்கணும். அப்பத்தான் இவன் இறங்குவான். எழுப்புறதுன்னு ஒரு வேலையே கெடையாது. வச்சா தகராறுதான் வரும்."

"அவ வரலேன்னா?" என்றாள் அம்மா.

"ஹார்ன் அடி. படகுல ஹார்ன் இருக்குல்ல? கிட்டப் போயித் தொடணும்னு யாரு சொன்னா?"

அம்மா அப்பாவை வெறித்துப் பார்த்தாள். "இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"

"பஸ்ல."

ஸ்பானர் அக்கா வேண்டாம் என்று முடிவானது. சொன்னபோது, "எனக்கும் இங்க வேலை மலையாக் கெடக்கு," என்றார்.

மார்ச் 1

சுக்கான் மாட்டியாயிற்று. காற்று இல்லை. மறுபடி காத்திருப்பு. பொறுமை என்பது குணம் என்று படித்திருக்கிறேன். இங்கே அது வெறும் அலுப்புதான். கொஞ்சம் உட்காரக் கற்றுக்கொண்ட அலுப்பு.

மார்ச் 4

காற்று அதிகம். அம்மா ஒரு கையால் வரைபடத்தை மடிக்கிறாள், விரிக்கிறாள். முனைக்கு வெளியே அவள் போட்ட மூன்று அலைக்கோடுகளைக் காட்டினாள். நீரோட்டமும் காற்றும் மோதுகிற இடம். அங்கே தண்ணீர் கொதிக்கும். நன்றாக வெளியே தள்ளிப் போகவேண்டும்.

மார்ச் 6

நாளை. அப்பா முனைக்கு அந்தப் பக்கம் போகும் பஸ்ஸை விசாரித்துவிட்டார். மூன்று பஸ் மாறவேண்டுமாம். பெருமையாகச் சொன்னார்.

மார்ச் 8

விரிகுடாவின் வாயில் நங்கூரம் போட்டிருக்கிறோம். நாளைக் காலை வெளிச்சத்தில் உள்ளே போவோம். கண் எரிகிறது. ஆனாலும் இதை எழுதாமல் படுக்கக் கூடாது.

நேற்று மதியம் கிளம்பினோம். இருட்டியதும் அம்மாவின் முறை. நான் படுத்தேன். அலாரம் என் சட்டைக்குள், நெஞ்சோடு. அது அதிர்ந்ததும் எழுந்து, மூஞ்சி கழுவி, மழைச்சட்டை போட்டு, படியில் ஏறித் தலையை வெளியே நீட்டினேன். அம்மா படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ. ஹார்ன் மடியில் இருந்தது, கட்டுப்போட்ட கை அதன்மேல். என் தலையைக் கண்டதும் அவள் முகத்தில் என்ன நடந்தது என்று எழுத வரவில்லை. ஹார்னை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள்.

"வந்துட்டியா."

"வந்துட்டேன்."

எந்தத் திசை, எவ்வளவு காற்று, வலப்புறம் ஒரு சரக்குக் கப்பல், அவ்வளவுதான் பேச்சு. கீழே போனாள். ஆனால் அந்த முறையிலும் குரல் வந்தது: "காத்து எப்படி?" "தூங்கும்மா," என்றேன். தூங்கவில்லை என்று தெரியும்.

விடிந்த பிறகு மறுபடி என் முறை. நீரோட்டம் எங்கள் பக்கம் இருந்ததால் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டோம். மூட்டம் விலகியபோது முன்னால் முனை. அம்மா கீழே இருந்தாள், இது அவள் ஓய்வு நேரம். எழுப்புவதே கிடையாது என்பது இப்போது சட்டம். கூப்பிடுவதா, விடுவதா? சுக்கானை விட்டுப் போகவும் முடியாது. இதைப் பார்க்கத்தானே இவ்வளவும் என்று தோன்றியது. இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டேன்.

"அம்மா."

ஒரே குரலில் தலைவிரிகோலமாக வந்துவிட்டாள். "என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. முனை."

படியில் நின்றபடி, வாசல் விளிம்பில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். கறுத்த பாறை, உச்சியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம், அடியில் நுரை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பாயைப் பார்த்தேன். "இன்னும் உசரமா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள்.

பிறகு அவள் கண் இடப்பக்கம் போனது. வெளியே தண்ணீர் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. மூன்று கோடு போட்ட இடம். இந்தப் பயணத்திலேயே மோசமான தண்ணீர் அதுதான். மேலே வந்து சுக்கானைக் கேட்பாள் என்று நினைத்தேன். நான் கொடுத்திருப்பேன், அதுதான் உண்மை.

"உன் முறை எப்ப முடியுது?"

"இப்பத்தான் ஆரம்பிச்சுது."

"சரி," என்றாள். படி இறங்கிப் போய்விட்டாள்.

படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள், வேறென்ன. வேண்டுமென்றே முன்பாயின் கயிற்றை ஒரு முழம் தளர்த்தினேன். பாய் படபடவென்று அடித்தது. குரல் வரவில்லை. மறுபடி இழுத்துக் கட்டினேன். எட்டிக் குனிந்து பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, கட்டுப்போட்ட கை படுக்கைக்கு வெளியே தொங்கி ஆட, அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு முனையைச் சுற்றினேன். எழுத அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னும் வெளியே, இன்னும் வெளியே என்று ஓட்டினேன். அலை பக்கவாட்டில் தூக்கியது, போட்டது. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. பயமாக இருந்தது. கீழே ஒரு டம்ளர் உருண்டு உருண்டு எதிலோ முட்டிக்கொண்டே இருந்தது. அதற்குக்கூட அவள் எழவில்லை. நெடுநேரம் கழித்து அலை நீண்டு தாழ்ந்தது, கரைப்பக்கம் ஒதுங்கினேன், கலங்கரை விளக்கம் எங்களுக்குப் பின்னால் போனது.

முறை முடிந்ததும் அம்மா தானாக எழுந்து, முகம் கழுவி, மேலே வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். முனை எங்கே என்று தேடினாள். பின்னால் கை காட்டினேன்.

மார்ச் 10

கட்டியாயிற்று. விரிகுடாவுக்குள் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் இருக்கிறது. பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், அடுத்த வாரத்திலிருந்து வருகிறேன் என்று. அம்மா அருகில்தான் இருந்தாள். "எந்த பஸ்?" என்று மட்டும் கேட்டாள். அப்பா மூன்று யோசனை சொன்னார், மூன்றும் வெவ்வேறு நிறுத்தங்களில்.

மாலையில் அப்பா தங்கும் அறைக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் எதிரெதிர்ப் படுக்கைகளில் சும்மா கிடந்தோம். சாப்பிட்ட தட்டைக் கழுவவும் தெம்பு இல்லை. அம்மா மேலே கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"முனைக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்துச்சு?"

"நீதானே வரைஞ்சே."

"வரைஞ்சேன். பாக்கலியே."

சொன்னேன். இந்தப் பக்கம் கறுப்பாக இருக்கும் பாறை அந்தப் பக்கம் போனால் செம்மண் நிறமாகிவிடுகிறது. தண்ணீர் மட்டத்தில் ஒரு குகை, அலை உள்ளே போய்ச் சற்று நின்று யோசித்துவிட்டு வருவதுபோல் வெளியே வருகிறது. அதற்கு மேலே பறவை எச்சம் வெள்ளையாக வழிந்திருக்கிறது, ஒரு சுவர் முழுக்க. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு இருக்கிறது, கடலிலிருந்து வரும்போது கடைசியில்தான் தெரிகிறது. வாசலில் ஒரு பெண் நின்று நாங்கள் போவதைப் பார்த்தாள்.

அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நிறுத்தினேன்.

"சொல்லு," என்றாள். "மெதுவாச் சொல்லு."